ஒரு மைல் மேற்கே

"நகல் எடுத்தா அசல் குறையுமா?"

அனிஷ் வாயிலிருந்து ரெஜிஷா முதன்முதலில் கேட்ட வார்த்தை அதுதான். அவளைக் கேட்கவில்லை. இராஜாக்கமங்கலம் சந்திப்பில் இருந்த அவனுடைய கம்ப்யூட்டர் கடையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியரைக் கேட்டான். காசு கொடுக்காமல் விண்டோஸ் போடுவது களவு இல்லையா என்று அவர் கேட்டிருந்தார். அனிஷ் ஒரு பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பிராசஸர் மேல் வெள்ளைப் பசையைத் தடவிக்கொண்டே பதில் சொன்னான்.

"சாரே, உங்க சைக்கிள நான் எடுத்தா நீங்க நடந்து போவணும். உங்க பாட்ட நான் காப்பி எடுத்தா பாட்டு உங்ககிட்டயும் இருக்கும், எனக்கிட்டயும் இருக்கும். இதுல யாருக்கு நட்டம்?"

"பாட்டுப் போட்டவனுக்கு," என்றாள் ரெஜிஷா, வாசலில் நின்றபடி.

அவன் திரும்பிப் பார்த்தான். விரலில் பசை. "அத நான் இன்னும் யோசிக்கேல," என்றான். ஆசிரியர் சிரித்துவிட்டார்.

அன்று அவள் போனது கம்ப்யூட்டர் வாங்க. கல்லூரியில் கணினி அறிவியல் முதல் வருஷம். கத்தாரில் வெல்டராக இருந்த அண்ணன் ஆன்ட்ரூஸ் போனில் சொல்லியிருந்தான். "கம்பெனிப் பெட்டி வாங்காத மக்கா. ராஜாக்கமங்கலத்துல ஒருத்தன் பாகம் பாகமா வாங்கிக் கோத்துக் குடுப்பானாம். நீயே போய்ப் பாத்து வாங்கு." அம்மா இசபெல் இறந்த பிறகு, தங்கைக்கு என்ன வேண்டும் என்று நினைத்துப் பார்க்கிற ஆள் அந்த வீட்டில் ஆன்ட்ரூஸ் மட்டும்தான். அப்பா மரியஜானுக்குக் கடல் இருந்தது.

அனிஷ் அருமனைக்காரன். ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த, வேதக்கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். அவன் பேசினால் அவளுக்குப் பாடுவது போல இருக்கும். ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்துக் கொடுத்து விளக்கினான். மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க். "பவர் சப்ளையில மட்டும் மிச்சம் பிடிக்காத. அது போனா எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுதான் போவும்." அந்த வருஷம் அவளுடைய கம்ப்யூட்டருக்கு வந்த வியாதிகளில் பாதி, அவளாக வரவழைத்தவை. அவனுக்கும் அது தெரிந்திருந்தது. வைரஸ் இல்லாத பெட்டியில் அரை மணி நேரம் வைரஸ் தேடுவான்.

விஷயம் வீட்டுக்குத் தெரிந்தபோது மரியஜான் ஒரே கேள்விதான் கேட்டார். "கடலக் கண்டா வாந்தி எடுக்கியவனா எனக்கு மருமவன்?"

கத்தாரிலிருந்து ஆன்ட்ரூஸ் வாரா வாரம் போன் போட்டு அப்பாவிடம் வாதாடினான். அவர் அசையவில்லை. அசைத்தது அவருடைய வள்ளத்தில் இருந்த ஜி.பி.எஸ். மெஷின்தான்.

உள்ளங்கையில் அடங்கும் பழைய மெஷின். சிறிய திரையில் ஒரு பட்டியலும் ஒரு அம்புக்குறியும், அவ்வளவுதான். ஆனால் அதற்குள் மரியஜானின் ஆயுசு இருந்தது. கடலுக்கு அடியில் பாறை கிடக்கும் இடத்தை 'பார்' என்பார்கள். பாரில்தான் களவாவும் விளமீனும் கிடைக்கும். பார் கிடக்கும் இடம் மேலே இருந்து பார்த்தால் வெறும் தண்ணீர். வருஷக்கணக்காகத் தூண்டில் இட்டுத் தேடி, கண்டுபிடித்த இடத்தில் பட்டனை அழுத்திப் பதிந்து, ஒரு பெயர் கொடுத்து வைப்பார்கள். பாயிண்ட் என்று பெயர். பெரிய பார், இசபெல் பார், ஆன்ட்ரூஸ் பார். பள்ளிக்கூடம் போகாமல் அப்பாவோடு கடலுக்குப் போன ஒரு நாளில் ஆன்ட்ரூஸ் கண்டுபிடித்தது கடைசியாகச் சொன்னது. ஒருவன் பாயிண்டை இன்னொருவனுக்குக் காட்டமாட்டான். கல்யாணப் பேச்சில்கூட நகையைச் சொல்வார்கள், பாயிண்டைச் சொல்லமாட்டார்கள்.

அந்த மெஷினுக்குள் உப்புத் தண்ணீர் இறங்கிவிட்டது. நாகர்கோவிலில் இரண்டு கடைகளில், தூக்கிப் போடு என்று சொல்லிவிட்டார்கள். மகளிடம்கூடச் சொல்லாமல் மரியஜான் அனிஷ் கடைப் படியேறினார்.

அனிஷ் அதை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, பச்சை பிடித்த கம்பிகளைச் சுரண்டி உயிர் வரவைத்தான். உயிர் வந்ததும் முதலில் செய்த காரியம், பாயிண்ட் முழுவதையும் தன் கம்ப்யூட்டருக்கு ஒரு காப்பி எடுத்தது. மேற்கொண்டு எதையும் தொடுமுன் காப்பி எடுக்க வேண்டும் என்பது அவனுக்குச் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் மாதிரி. பிறகு மூடி ஒட்டித் திருப்பிக் கொடுத்தான். மரியஜான் கடைவாசலில் நின்று பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"எல்லாம் கெடக்குது," என்றார். கொஞ்சம் கழித்து, "ஒனக்க அப்பன எப்ப வந்து காணலாம்?" என்றார்.

கல்யாணம் நடந்தது. காப்பி கம்ப்யூட்டரிலேயே கிடந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஆன்ட்ரூஸின் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஊருக்கு வந்தவன் அப்பாவோடு கடலுக்குப் போனான். கை பழகவில்லை என்று அப்பா தினமும் திட்டினார். சாயங்காலமானால் அவன் ஞானதாசனின் வள்ளத்து ஆட்களோடு உட்கார்ந்து குடித்தான். ஞானதாசன் அதே துறையில் இன்னொரு வள்ளத்துக்காரர். அப்படி இருக்கும்போதுதான் ஒரு விடியலில் மரியஜான் பெரிய பாருக்குப் போக, அங்கே ஞானதாசனின் வள்ளம் நங்கூரம் போட்டு நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் சாப்பிட வந்திருந்தார்கள். ரெஜிஷா நெய்மீன் குழம்பு வைத்திருந்தாள். மரியஜான் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"ஏலே, எத்தன குப்பிக்கு வித்த?"

"எத?" என்றான் ஆன்ட்ரூஸ்.

"பார."

ஆன்ட்ரூஸ் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். "கடல விக்க நான் யாருப்பா?"

"ஞானதாசன் தேடல, சுத்தல. ரேசன் கடைக்கு வாற மாதிரி நேரா வாறான், நங்கூரத்தப் போடுதான். ஆரு சொல்லிக் குடுத்தது?"

"எனக்கு அம்பப் பாத்துப் போவத்தான் தெரியும், அந்த மெஷின நோண்டவே தெரியாது."

"குடிச்சவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு அவனுக்கே தெரியாது."

ஆன்ட்ரூஸ் பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவினான். போகிற போக்கில் மைத்துனன் தோளில் ஈரக் கையைத் துடைத்தான். "அளியா, மீன் நல்ல மீன். எனக்குள்ளதையும் நீ தின்னு. எங்க அப்பன் குழம்புல விசாரணையும் போட்டுட்டாரு."

ரெஜிஷா சிரித்தாள். அனிஷ் சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தபோதே அவளுக்கு ஏதோ தட்டியது.

மறுநாள் கடையில் மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் அவன் சொன்னான். கடையின் முன்பக்கம் இருந்த கம்ப்யூட்டரில் வருகிறவர்களே உட்கார்ந்து மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொள்வார்கள். அதற்குப் பாஸ்வேர்டு கிடையாது. கடையைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே பூட்டு எதற்கு என்பது அவன் கொள்கை. மரியஜான் வள்ளம் என்று பெயர் போட்டு அந்தக் காப்பி அதில்தான் கிடந்தது.

"ஞானதாசனுக்க வள்ளத்துல போறவன் ஒருத்தன் பாட்டு ஏத்த வந்தான். ரொம்ப நேரம் இருந்தான். போவும்போ, ஜி.பி.எஸ். மெஷினுக்குக் கேபிள் உண்டுமான்னு கேட்டான்." அனிஷ் கீழே பார்த்துக்கொண்டு சொன்னான். "கேபிளும் நான்தான் வித்தேன்."

"எல்லா பாயிண்டுமா?"

"ஒரு பைல் தான ரெஜி. எடுத்தா எல்லாம்தான் வரும்."

தெருவில் ஒரு பஸ் திரும்பியது. அவள் அது போகும்வரை காத்திருந்தாள்.

"நான் இன்னைக்கே வந்து மாமாகிட்ட பறையுகேன்," என்றான் அவன்.

"பறையாண்டாம். ஒண்ணும் சொல்லாண்டாம்."

"அளியன் மேல பழி கெடக்குது."

"அண்ணனுக்கு அப்பா திட்டுதது புதுசா? நாலு நாள் கத்துவாரு, பெறவு ரெண்டு பேரும் ஒண்ணா வலை இழுப்பாங்க. உங்கள அப்படி விடமாட்டாரு. இப்பதான் ஒரு மாசமா வாய் நெறைய மருமவன்னு கூப்புடுதாரு." அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காவ."

அவன் ஒத்துக்கொண்டான். அன்று சாயங்காலமே அந்தக் காப்பியை அழித்துவிட்டு, கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு போட்டான். அவளுடைய பெயர்தான் பாஸ்வேர்டு. இதைவிட லேசாக உடைக்கிற பூட்டு உலகத்தில் கிடையாது என்று இன்னொரு நாளாக இருந்தால் அவனே கேலி செய்திருப்பான்.

மரியஜான் விடவில்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டை ரெஜிஷா அப்போதுதான் பிரித்துவைத்திருந்தாள்.

"மருமவனே, இதுக்கு ஒரு பூட்டுப் போடணும். எனக்கு மட்டும் தொறக்கணும்."

"இந்த மெஷின்ல பாஸ்வேர்டு கெடையாது மாமா."

"நீதான் எல்லாத்தையும் ஒடைக்கியவனாச்சே. ஒடைக்கத் தெரிஞ்சவனுக்குப் பூட்டத் தெரியாதா?"

அனிஷ் மனைவியைப் பார்த்தான். பூட்டுவதற்கு உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும். எல்லாப் பாயிண்டும் ஏற்கெனவே ஞானதாசனின் வள்ளத்தில் இருந்தது. அதைச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார். பூட்டு போட்டுவிடுவது சுலபமாக இருந்தது.

"நீயும் சொல்லுவியே," என்றார் மரியஜான், "காப்பி எடுத்தா கொறையாதுன்னு. படத்த நூறு பேரு பாத்தாலும் படம் அங்கயே கெடக்கும். பாருல உள்ள மீனு அப்படியா? அவன் பிடிச்சா எனக்கு இல்ல."

எத்தனையோ பேரிடம் வாதாடி ஜெயித்த கேள்விக்கு இப்படி ஒரு பதில் வரும் என்று அனிஷ் நினைத்ததில்லை. ஆனால் அவனுடைய மூளை அதற்குள் பூட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருந்தது. அது அவனுடைய சுபாவம். ஒரு கணக்கு முன்னால் வந்துவிட்டால், அது யாருடைய கணக்கு, எதற்கு என்பதெல்லாம் பின்னால் போய்விடும்.

"பூட்ட முடியாது. ஆனா பொய் சொல்ல வைக்கலாம்," என்றான். கேபிளை மாட்டி, பாயிண்ட் முழுவதையும் கம்ப்யூட்டருக்கு எடுத்து, ஒவ்வொன்றையும் மேற்கே ஒரு மைல் தள்ளித் திருப்பி ஏற்றினான். "மெஷின் காட்டுத எடத்துக்குப் போயிட்டு, அங்கேருந்து ஒரு மைல் கிழக்கே போவணும். அது உங்களுக்கு மட்டும் தெரியும். களவாண்டவன் போனா வெறும் மணலுதான்."

மரியஜான் முகம் மலர்வதை ரெஜிஷா வெகு நாளைக்குப் பிறகு பார்த்தாள். "கொள்ளாம். கொள்ளாம்."

பட்டியலில் கடைசியாக வீடு என்று ஒரு பாயிண்ட் இருந்தது. துறையில் பாறைக்கும் பாறைக்கும் நடுவே வள்ளம் ஏறுகிற இடம். அனிஷ் கொஞ்சம் நின்றான்.

"மாமா, வீட்டையும் தள்ளியாச்சு. இத மட்டும் சரியா வச்சா, பாத்தவன் கணக்கப் பிடிச்சிருவான். கரையிலேருந்து பாரு எவ்வளவு தூரம்னு அறிஞ்சவனுக்கு ஒரு மைல் இடிக்குதது தெரிஞ்சுபோவும். அதுனால எல்லாம் ஒண்ணுபோல இருக்கட்டும். உங்களுக்குத் தடைபடுமா?"

மரியஜான் சிரித்தார். "எனக்க வீட்டுக்குப் போவ எனக்கு மெஷினா வேணும்? கண்ணக் கெட்டிவிட்டாலும் வருவேன்."

"அண்ணன்கிட்டச் சொல்லணும்லா?" என்றாள் ரெஜிஷா.

"அவன்கிட்டச் சொன்னா பூட்டு என்னத்துக்கு? மெஷின் எனக்க கையிலதான் இருக்கும், வள்ளத்தயும் நான்தான் பிடிப்பேன்."

அவள் வாய் திறந்தாள். அனிஷ் அவளைப் பார்த்தான். சொல்லவா என்று அந்தப் பார்வை கேட்டது. அவள் தலையை லேசாக ஆட்டி வேண்டாம் என்றாள். பிறகு அப்பாவுக்கு ஒரு வாழையிலைத் துண்டில் சோறு வைத்தாள்.

மழைக்காலம் தொடங்கியபோது மரியஜானுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. நாகர்கோவிலில் ஆபரேஷன். வலது கண்ணைக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். இடது கண்ணும் பாதிதான். தான் வரும்வரை வள்ளம் இறங்கக் கூடாது என்று மகனுக்குச் சொல்லியிருந்தார். ரெஜிஷா ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தாள்.

மத்தியானம் அவள் போன் அடித்தது. ஆன்ட்ரூஸ்.

"ஏட்டி, கெழவன் என்ன செய்யுதாரு?"

"ஒறங்குதாரு."

"நல்லது. நானும் நம்ம வள்ளத்து ஏசுஅடிமையும் எறங்குதோம். வள்ளம் கரையில கெடந்து எத்தன நாளாச்சு. ஆஸ்பத்திரிக்குப் பணம் வேண்டாமா?"

"போவாண்டாம்ணே. காத்து கெடக்குது."

"காத்து எப்பதான் இல்ல? நெறைய மீனோட வந்து அப்பாக்க மொகத்துல போடுதேன். அப்பவாவது மனுசன் நம்புதாரான்னு பாப்போம்." அவன் சிரித்தான். "என்ன பேச்சக் காணேல? பார களவாண்டுருவேன்னு பயமா?"

ரெஜிஷா வராந்தா ஓரத்துக்கு வந்தாள். அறைக்குள் அப்பா அசைந்து படுக்கும் சத்தம் கேட்டது. அண்ணா, அந்த மெஷின் காட்டுகிறது எல்லாம் பொய், ஒரு மைல் கிழக்கே போ. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். சொன்னால் ஏன் மாற்றினீர்கள் என்பான். என்னை நம்பாமலா என்று அப்பாவிடம் சண்டைக்கு வருவான். சண்டை வந்தால் யார் விற்றது என்ற பேச்சு மறுபடி எழும். அனிஷின் பெயர் வெளியே வரும். சொல்லாவிட்டால் என்ன ஆகும்? பாரைக் கண்டுபிடிக்காமல் வெறும் வள்ளத்தோடு திரும்பி வருவான். அவ்வளவுதானே.

அவள் அப்படித்தான் நினைத்தாள். வீடு என்ற பாயிண்ட் அவள் நினைவுக்கு வரவே இல்லை.

"சூதானமா போயிட்டு வாண்ணே," என்றாள்.

"வாறப்போ உனக்கு விளமீன் எடுத்து வைக்கேன். ஒனக்க மாப்பிளைக்கு வேண்டாம், அவன் முள்ளு எடுக்கத் தெரியாத பய."

ஏசுஅடிமைதான் பிறகு எல்லாவற்றையும் சொன்னான். மரியஜானின் வள்ளத்தில் நெடுநாளாக வேலை செய்கிறவன். மறுநாள் காலையில் துறைக்கு மேற்கே உள்ள கூட்டுப்பாறையில் அவனைக் கண்டெடுத்தார்கள். கை ஒடிந்திருந்தது. மணலில் உட்காரவைத்து யாரோ கொடுத்த கட்டன் காப்பியை ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, குடிக்காமல், வந்து நின்ற ரெஜிஷாவிடமும் அனிஷிடமும் சொன்னான்.

"மெஷின் காட்டுன எடத்துக்கெல்லாம் போனோம் பிள்ள. பெரிய பாருன்னு காட்டுன எடத்துல தூண்டில விட்டா தரையில மணலு. அடுத்ததுக்குப் போனோம், அங்கயும் மணலு. ஆன்ட்ரூஸ் பாருக்கும் போனோம். அது அவன் சின்னதுல கண்ட பாருலா, அதுலயும் ஒண்ணும் இல்ல. அப்பதான் அவனுக்குப் புரிஞ்சுது. அப்பா மாத்தி வச்சிருக்காரு ஏசுஅடிமை, எனக்கு எதிராட்டு மாத்தி வச்சிருக்காருன்னான். பெறவு தூண்டிலச் சுருட்டி வச்சிட்டான்."

அனிஷ் கூட்டுப்பாறைப் பக்கம் திரும்பி நின்றான்.

"திரும்பும்போ மழை கட்டிருச்சு. ஊருல கரண்டு இல்ல, கோயில் வெளக்கும் இல்ல. கரையே தெரியல. நான் சொன்னேன், வெளிய நங்கூரம் போட்டுக் கெடப்போம், வெளுத்த பெறவு ஏறுவோம்ணு. அவன் மெஷின எடுத்து வீடுன்னு உள்ள பாயிண்டப் போட்டான். ஏலே, அதுதான் எல்லாம் பொய் காட்டுதேன்னேன்." ஏசுஅடிமை காப்பியை மணலில் வைத்தான். "அதுக்கு அவன் சொன்னான். அப்பா பார மாத்துவாரு, ஏசுஅடிமை. வீட்ட மாத்துவாரா? அப்படின்னு சொல்லிட்டு அந்த அம்புக்குறியப் பாத்து நேரா விட்டான். அது கூட்டுப்பாறை."

கிளம்பும்போதே மெஷினைப் பார்த்திருந்தால் வீடு ஒரு மைல் தள்ளிக் கிடப்பது தெரிந்திருக்கும். ஆனால் துறையிலிருந்து வள்ளத்தைத் தள்ளுகிறவன் வீடு எங்கே என்று மெஷினில் பார்ப்பதில்லை.

ஆன்ட்ரூஸை அன்று சாயங்காலம் கடல் கொண்டுவந்து போட்டது.

மரியஜானை ஆஸ்பத்திரியிலிருந்து கண்கட்டோடு கூட்டி வந்தார்கள். கண்ணில் தண்ணீர் படக்கூடாது, அழவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தார்கள். அவர் மகனுடைய முகத்தைக் கையால் தடவிப் பார்த்தார். நெற்றியில் இருந்த காயத்தில் கை வந்ததும் நின்றது. "குடிச்சிருந்தானா?" என்று கேட்டார். "ஒரு சொட்டு இல்ல," என்றான் ஏசுஅடிமை. மெஷினைப் பற்றி ஏசுஅடிமை ஏற்கெனவே சொல்லியிருந்தான். அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஞானதாசன் வந்து பெட்டிக்கு ஒரு மாலை போட்டுவிட்டு முன்வரிசையில் நின்றார். கல்லறை வரைக்கும் அவர்தான் பெட்டியின் ஒரு முனையைத் தோளில் வைத்துப் போனார்.

அடக்கம் முடிந்த பிறகு அனிஷ் கடையைத் திறக்கவில்லை. சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். ரெஜிஷா சோறு போட்டால் சாப்பிடுவான், போடாவிட்டால் கேட்கமாட்டான். ஒரு மத்தியானம் சொன்னான்.

"எல்லாம் ஒண்ணுபோல இருக்கட்டும்னு சொன்னேன் ரெஜி. எனக்கு அது நல்ல பூட்டா இருக்கணும். அதுதான் நெனப்பு. வேற ஒண்ணும் நெனக்கேல."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் பிடிக்க வேண்டும் என்று நினைத்தாள், பிடிக்கவில்லை.

"நான் போய் மாமாகிட்ட பறையுகேன்."

"நீங்க அப்பவே பறையுதேன்னு சொன்னீங்க. விடாதது நான்," என்றாள். "நான்தான் பறையணும்."

இருவரும் அப்பாவின் வீட்டுக்குப் போனபோது அவருடைய கண்கட்டை அவிழ்த்திருந்தார்கள். பார்வை இன்னும் தெளியவில்லை; கறுப்புக் கண்ணாடி போட்டு மரியஜான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வள்ளம் உடைந்து போனது. மெஷின் மட்டும் ஏசுஅடிமை இடுப்பில் செருகியிருந்த ரப்பர்ப் பையோடு கரைக்கு வந்துவிட்டது. அது மேசைமேல் இருந்தது.

ரெஜிஷா தரையில் உட்கார்ந்து சொன்னாள். காப்பி, கடை, பாட்டு ஏற்ற வந்தவன், கேபிள். அனிஷ் சொல்ல வந்ததும் அவள் தடுத்ததும். அண்ணன் போன் செய்ததும். எதையும் விடவில்லை. அனிஷ் கதவோரம் நின்றான்.

மரியஜான் கடைசிவரை கேட்டார். பிறகு, "அப்போ பூட்டு போட்டபோ உள்ள ஒண்ணும் இல்ல," என்றார்.

"இல்லப்பா."

"எல்லாம் ஞானதாசன்கிட்ட இருந்துது."

"ஆமா."

"ஒங்க ரெண்டு பேருக்கும் தெரியும்."

அவள் தலையை ஆட்டினாள். அவருக்குக் கண் தெரியாது என்பது உறைத்து, "தெரியும்," என்றாள்.

"அவன் எனக்கு முன்னால இருந்து சோத்துல கை வச்சிக்கிட்டுச் சொன்னான். எனக்கு நோண்டத் தெரியாதுன்னு," என்றார் மரியஜான். குரல் உயரவில்லை. "எனக்க மவன். நான் நம்பல. நீ அவனுக்கத் தங்கச்சி. நீ அறிஞ்சும் சொல்லல. நம்ம ரெண்டு பேருல ஆருக்க தப்பு பெரிசுன்னு எனக்குத் தெரியல."

அவர் இப்படித் தன்னையும் சேர்த்துச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று ரெஜிஷாவுக்குத் தோன்றியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

மரியஜான் எழுந்து, மேசையைத் தடவி, மெஷினை எடுத்து அனிஷ் நின்ற பக்கமாக நீட்டினார்.

"வீட்ட சரியாக்கு."

அனிஷ் கேபிளும் மடிக்கணினியும் கொண்டு வந்திருந்தான். வாசலில் இருந்த பையிலிருந்து எடுத்து மாட்டினான். அதிக நேரம் ஆகவில்லை. "ஆயிட்டு மாமா. மத்ததையும் பழையபடி..."

"மத்தத அழி."

"அழிச்சா திரும்பக் கிட்டாது மாமா. எனக்கிட்ட இருந்த காப்பியையும் நான் அழிச்சிட்டேன். ஞானதாசன்கிட்ட மட்டும்தான் இருக்கும்."

"இருக்கட்டும். அவனுக்கும் பிள்ளைய உண்டு. அழி."

அனிஷ் கேபிளைக் கழற்றினான். ரெஜிஷா மெஷினை அவன் கையிலிருந்து வாங்கினாள். ஒவ்வொரு பாயிண்டாகத்தான் அழிக்க முடியும். ஒவ்வொன்றுக்கும் மெஷின் ஒரு முறை உறுதிதானா என்று கேட்டது. எது என்று அப்பா கேட்டார். அவள் பெயரைச் சொன்னாள். பெரிய பார். அழுத்தினாள். அம்மா பெயரில் இருந்த பார். அப்பா நாடியைச் சொறிந்தார். அழுத்தினாள். சின்னக்கல், சவுக்குப் பார், மழைக்கு முன்னே கண்டது. ஒவ்வொரு பெயருக்கும் அவர் ம் என்றார். கணக்கு ஒப்படைக்கிறவர் போல.

பிறகு அவள் நின்றாள்.

"என்ன?"

"ஆன்ட்ரூஸ் பார்."

அவர் கை நீட்டினார். அவள் மெஷினை அந்தக் கையில் வைத்து, அவருடைய கட்டைவிரலைப் பிடித்துப் பட்டன் மேல் கொண்டுபோய் வைத்தாள். உப்பில் ஊறிக் கெட்டியான விரல். சின்ன வயதில் இந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் அவளும் அண்ணனும் கோயில் திருவிழாவுக்குப் போவார்கள். ஆளுக்கொரு கையாக.

"அன்னைக்கு அவனுக்குக் காய்ச்சல்," என்றார் மரியஜான். "பள்ளிக்கூடம் போவ மாட்டேன்னு பொய்யாட்டுச் சொன்னான்னு நெனச்சேன். வள்ளத்துல ஏத்திக் கொண்டு போனேன். நெசமாவே காய்ச்சல். காய்ச்சலோட கெடந்துதான் இதக் கண்டான்."

அழுத்தினார். மெஷின் கேட்டது. இன்னொரு முறை அழுத்தினார்.

"இப்ப என்ன கெடக்குது?"

"வீடு மட்டும்."

"நம்ம துறைதானா? நல்லா பாரு."

அவள் பார்த்தாள். அனிஷும் குனிந்து பார்த்தான். அம்புக்குறி அவர்கள் இருந்த பக்கத்தையே காட்டிக்கொண்டு நின்றது. "நம்ம துறைதான்பா," என்றாள்.

மரியஜான் மெஷினைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தார். "இருட்டுமுன்ன போங்க," என்றார். மக்கா என்று சொல்லவில்லை. மருமகனே என்றும் சொல்லவில்லை.

அனிஷ் கேபிளைச் சுருட்டிப் பையில் போட்டான். ரெஜிஷா அடுக்களைக்குப் போய்ப் பார்த்தாள். பானையில் காலையில் வைத்த சோறு அப்படியே இருந்தது. அடுப்பைப் பற்றவைத்து அதைச் சூடாக்கினாள். தட்டில் போட்டு, மூடி, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தாள். அப்பா திரும்பவில்லை. அவள் வாசலுக்கு வராமல் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். வெளியே பைக்கின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அனிஷ், கொஞ்ச நேரம் கழித்து, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தான். சோறு ஆறியது.